ஸம்பத்குமார் (எ) பல்பு

கார் வைத்திருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்குத் தங்கள் மூக்குக்கு நேரே எரிகிற விளக்கு என்ன சொல்கிறது என்று தெரியாது. மிச்சமிருக்கும் அந்த ஒருவருக்குத் தெரியும். அவர் மைத்துனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்.

எங்கள் தெருவில், அதாவது திருவள்ளூரில் பெருமாள் கோயிலுக்குப் பின்னால், ஒரு மாமி அந்த விளக்கின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருந்தார். கண்ணைக் குத்துகிறதாம். செவ்வாப்பேட்டை ஆசாமி ஒருவர் இன்னும் விசேஷம். ஆயில் குறைந்தால் சிவப்பாக எரிகிற விளக்கின் படம் பார்ப்பதற்குக் கோயில் விளக்கு மாதிரியே இருக்கும். அது அவருக்கு ஒரு வெள்ளிக்கிழமை எரிந்தது. மகாலட்சுமியே வந்துவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு திருப்பாச்சூர் வரை ஓட்டியிருக்கிறார். அங்கே எஞ்சின் இறுகி நின்றபோது எழுந்த சத்தத்தில், சிவன் கோயில் குருக்கள் உச்சிகாலம் ஆகிவிட்டதென்று நடையைச் சாத்தப் போய்விட்டார் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம். ஆனால் எஞ்சின் இறுகியது உண்மை.

விஷயம் சுலபம். சிவப்பு எரிந்தால் அங்கேயே ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். மஞ்சள் எரிந்தால் ஓட்டலாம். சீக்கிரத்தில் விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும். வெங்கட்ரமணனுக்கு மஞ்சள் எரிந்தது. அவர் என்னிடம் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் எபினேசர் அவர்களே, சென்ற மாதம் ஞாயிற்றுக்கிழமை காலை கவரப்பேட்டை தாண்டி நெடுஞ்சாலையில் வெங்கட்ரமணன் எப்படிக் காலமானார் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லும்படி கேட்டீர்கள். நீங்கள் எழுதி வைத்திருந்த தாளில் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். நான் வெள்ளைத் தாளும் பேனாவும் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன் என்றேன். உங்களுக்குக் கொஞ்சம் அலுப்புத்தான். ரிடையர் ஆன மனுஷனிடம் பேனாவைக் கொடுத்தால் சூளூர்ப்பேட்டைக்கு வழி கேட்டவனுக்குக் காசி யாத்திரையைச் சொல்லுவான் என்று நினைத்திருப்பீர்கள். சரியாகவே நினைத்தீர்கள். ஆனால் வழியும் இதில் இருக்கும்.

என் பெயர் ஸம்பத்குமார். மேல்கோட்டைப் பெருமாளின் பெயர். என் தகப்பனார் அங்கே மூன்று நாள் தங்கிப் பிரார்த்தித்துப் பெற்ற பிள்ளை என்பதால் வைத்தது. முப்பத்திரண்டு வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டதில்லை. ரேஷன் கடையில்கூட இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் பாகங்களைப் பூட்டி வேன் செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. இப்போது இல்லை, அந்த ஷெட்டில் பிஸ்கட் டப்பா செய்கிறார்கள். அங்கே எனக்குக் கடைசிப் பரிசோதனையில் வேலை. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் உள்ள எல்லா விளக்கும் ஒரேயடியாக எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அவை அணைய வேண்டும். எரிகிறதா என்று பார்ப்பதும் அணைகிறதா என்று பார்ப்பதும்தான் என் உத்தியோகம். இதற்கெல்லாம் ஒரு ஆளா என்று தோன்றும். எரிகிற விளக்கால் யாரும் செத்ததில்லை. எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்குதான் ஆபத்து. அது நிம்மதியைக் கொடுக்கும்.

தொண்ணூற்று மூன்றில் ஒருநாள், ஒரு வேனில் ஆயில் விளக்கு எரியவில்லை. நான் அசெம்ப்ளி லைனை நிறுத்தினேன். நாற்பது நிமிஷம் நின்றது. நானூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எண்பது பேர்தான் வேலை செய்தார்கள், ஆனால் நின்றபோது நானூறு பேர் மாதிரி இருந்தது. ஃபிட்டர் அரசப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“இன்னா சாமி, ஒரு பல்புக்கா லைன நிறுத்திக்கினு கீற? ஊட்டுக்கு ஆள் அனுப்பி நாலு பல்பு வாங்கியாரச் சொல்றேன்.”

சிரிப்பு வந்தது. அதுவரை பரவாயில்லை. லைன் சூப்பர்வைசர் வெங்கட்ரமணன் அங்கே வந்தார். ஒரே ஊர், ஒரே தெரு, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து டேஷ்போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் முதுகில் தட்டினார்.

“டேய் பல்பு, உன்னோட தலையெழுத்துடா இது. இனிமே ரெஜிஸ்டர்லயே உன் பேரை அப்படிப் போட்டுடறேன்.”

அன்று எழுந்த சிரிப்பில் கூரைத் தகடு அதிர்ந்தது. ஆரம்பாக்கம் செக்போஸ்டில் நிறுத்தி வைத்த லாரிக்காரர்கள் மழை வருகிறதென்று தார்ப்பாய் போட்டார்கள்.

பிறகு அவர் அந்த பல்பு வந்த பெட்டியில் மிச்சமிருந்தவற்றை எல்லாம் சோதிக்கச் சொன்னார். பாதிக்கு மேல் சொத்தை. யார்டில் நின்ற இருநூற்றுப் பதினான்கு வேன்களையும் திறந்து மாற்ற வைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாளிலிருந்து ஒரு விதி போட்டார்: நான் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு வண்டியும் கேட்டைத் தாண்டக் கூடாது. கேட்டில் செக்யூரிட்டி ஒவ்வொரு வண்டியையும் மறித்து, “பல்பு பார்த்தாச்சா?” என்று கேட்பான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. என் அவமானத்துக்கு அவர் கேட்பாஸ் வாங்கிக் கொடுத்தார்.

இதைக் கௌரவம் என்று சொல்பவர்கள் உண்டு. என் மனைவி உயிரோடு இருந்தபோது சொன்னாள். உங்க கையெழுத்துக்கு மேல வேற யாரும் பாக்கறதில்லையாமே என்றாள். அவள் நல்லவள். பெயர் போனவனின் வலி பெயர் உள்ளவர்களுக்குத் தெரியாது.

தொண்ணூறுகளில் அது வெறும் பல்பு. பிறகு இளசுகளின் பேச்சில் ‘பல்பு வாங்கினான்’, ‘பல்பு கொடுத்தான்’ என்று வந்தது. ஏமாளி, அசடு, வழிந்துகொண்டு நின்றவன் என்று அர்த்தம். என் பெயர் என்னைக் கேட்காமலே பதவி உயர்வு பெற்றுவிட்டது. அலுவலகத்தில் நான் வாங்கிய ஒரே பதவி உயர்வு அதுதான் என்றும் சொல்லலாம். கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் நான் பின்வரிசையில் நின்றால், வெங்கட்ரமணன் திரும்பிப் பார்த்து, “பல்பு ஸ்வாமி, முன்னாடி எழுந்தருளணும்” என்பார். பெருமாளே சிரித்தது போல இருக்கும். சில நாள் உற்சவரின் உதடு அசைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

என் மகள் கமலினியின் கல்யாண வரவேற்பில் அவர் மைக்கை வாங்கினார். வாழ்த்துவார் என்று நினைத்தோம். லைன் நின்ற கதையை இருபது நிமிஷம் நடித்துக் காட்டினார். சம்பந்தி வீட்டார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். “இந்த மனுஷன் பாத்து அனுப்பின வண்டி ஒண்ணுகூட வழியில நின்னதில்லை. பொண்ணும் அவர் பாத்து அனுப்பறதுதான். தைரியமா அழைச்சுண்டு போங்கோ” என்று முடித்தார். கைதட்டல். அந்தக் கைதட்டலில் மாப்பிள்ளை என்னைப் பார்த்து ‘பல்பு மாமா’ என்று உதட்டை அசைத்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

இப்போது பேரன் வரத், டல்லாஸில் இருக்கிறான், நாலு வயசு. வீடியோ காலில் வந்ததும் இரண்டு கையையும் விரித்து, “பல்பு தாத்தா” என்கிறான். தமிழில் அவனுக்குத் தெரிந்த மொத்தமே ஆறு சொல். அதில் இரண்டு இவை. சென்ற வருஷம் ஆடி மாதத்தில் முதல் தடவை அப்படிக் கூப்பிட்டான். கூப்பிட்டதும் எனக்கு ஒரு அமைதி வந்தது. நான் செத்த பிறகும் இந்தப் பெயர் ஐம்பது அறுபது வருஷம் உயிரோடு இருக்கும் என்று தெரிந்துகொண்ட அமைதி.

அதற்கு அடுத்த மாதம் வெங்கட்ரமணனின் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

நான் தேடிப் போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருந்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு நேராக, பதினாறு ஓட்டைகளோடு ஒரு சின்ன வாய் இருக்கும். அதில் இதைச் சொருகினால் கார் தன் குறைகளை எழுத்திலும் எண்ணிலும் சொல்லிவிடும்; அந்தக் குறிக்குக் ‘கோடு’ (code) என்று பெயர். P என்று தொடங்கினால் எஞ்சின், கியர் விவகாரம். C என்றால் பிரேக் பக்கம். B என்றால் உடம்பு. U என்றால் உள்ளே ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது என்று பொருள். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு அந்த U எழுத்து பொருந்தும். தெருவே என்னிடம் வரும். திருத்தணியிலிருந்தெல்லாம் வருவார்கள், வரிசை கோயில் குளம் வரை நிற்கும். மூன்று பேர் நின்றாலும் எங்கள் தெருவில் வரிசைதான்.

“டேய் பல்பு, மஞ்சளா ஒண்ணு எரியறதுடா. ஹெலிகாப்டர் மாதிரி.”

“அது எஞ்சின் படம் அண்ணா.”

“எனக்கு ஹெலிகாப்டராத்தான் தெரியறது. பறந்துடுமா?”

“நான் பாக்கறேன். நீங்க போய்க் காபி சாப்பிடுங்கோ.”

சொருகினேன். P2135 என்று வந்தது.

இதை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு காற்றை எஞ்சினுக்குள் விடுகிற கதவு ஒன்று இருக்கிறது. அந்தக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்ல இரண்டு சென்ஸார்கள். இரண்டும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னால் கம்ப்யூட்டர் இருவரையும் நம்பாது, உங்களைப் போலத்தான். உடனே எஞ்சினின் சக்தியைப் பிடுங்கிவிடும். நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் கார் நத்தையாக ஊரும். தெருவில் நடந்தால் ஒன்றுமில்லை. லாரிகள் நூறில் வருகிற சாலையில் நடந்தால் வேறு.

பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தேன். இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அந்த சென்ஸாருக்குப் போகிற வயர் ஒரு இரும்புப் பட்டையில் உரசி உரசி, மேல்தோல் தேய்ந்து, செம்பு எட்டிப் பார்த்தது. எஞ்சின் சூடேறி, ரோடும் குலுக்கினால் போய்த் தொடும். குலுக்கல் நின்றால் விலகிவிடும். இது தினமும் வராது. எப்போது வரும் என்று சொல்லவும் முடியாது. இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி, வயரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை.

டேப் என் பையில் இருந்தது. கையில் எடுத்தேன், அதன் நுனியை நகத்தால் கிளப்பினேன் என்றுகூட ஞாபகம்.

உள்ளேயிருந்து வெங்கட்ரமணன் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. “பல்பு வந்திருக்கான். அவன் பாத்துட்டா முடிஞ்சுதுடி, பிரம்மாவே பாத்த மாதிரி” என்றார். அவர் மகள் அமிர்தாவிடம் என்று நினைக்கிறேன்.

டேப்பின் நுனியைத் திரும்ப ஒட்டிவிட்டுப் பானெட்டைச் சாத்தினேன். ஸ்கேனரில் ‘கோடை அழி’ என்ற பொத்தானை அழுத்தினேன். மஞ்சள் அணைந்தது.

“என்னடா அது?”

“தூசி, அண்ணா.”

நான் அந்தக் காரில் ஒரு திருகைத் திருகவில்லை. ஒரு வயரை அறுக்கவில்லை. எந்த நீதிமன்றத்திலும் இதைச் சொல்வேன். காரை அது இருந்தபடியே விட்டேன். விளக்கை மட்டும் அணைத்தேன். விளக்கு அவருக்குத் தொந்தரவாக இருந்தது, அணைக்கச் சொன்னார், அணைத்தேன். கேட்டதைச் செய்தவனைக் குற்றவாளி என்றால் ஹோட்டலில் சர்வர்கள் எல்லோரும் ஜெயிலில் இருக்க வேண்டும்.

அவரும் மனைவி அரவிந்தவல்லியும் ஞாயிறுதோறும் சூளூர்ப்பேட்டைக்குப் போவார்கள். அமிர்தாவுக்கு அங்கே வேலை. பெரியபாளையம் வழியாக ஜனப்பன்சத்திரம் போய், நெடுஞ்சாலையைப் பிடித்து, கும்மிடிப்பூண்டி தாண்டி ஆந்திரா. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் நான் போய்ப் பார்ப்பது வழக்கமாயிற்று. சில வாரம் மஞ்சள் எரிந்திருக்கும், சில வாரம் எரியாமலே கோடு மட்டும் உள்ளே பதுங்கியிருக்கும். இரண்டையும் துடைத்துவிடுவேன். இருபத்து மூன்று சனிக்கிழமை. ஒரு வாரம் எனக்கு ஜுரம், ஜுரத்தோடு போனேன். என் கடமை உணர்ச்சியை எங்கள் கம்பெனி கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை.

அரவிந்தவல்லி காபி கொண்டுவந்து வைப்பார். “உங்களைத் தவிர வேற ஒருத்தர் கையிலயும் சாவியைக் குடுக்க மாட்டேங்கறார். நேத்து சர்வீஸ்காரன் போன் பண்ணினான், எங்காத்துல பல்பு இருக்கான்னு சொல்லி வெச்சுட்டார்” என்றார் ஒருநாள். அவர்களும் அந்தப் பெயரைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அதுவரை, காரில் அவர்களும் போகிறார்களே என்று எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. அந்தக் காபியைக் குடித்து முடித்தபோது அது இல்லை.

கார்த்திகையில் ஒருமுறை பெரியபாளையம் அருகே கார் ஊர்ந்திருக்கிறது. மாட்டு வண்டி ஒன்று அவர்களைத் தாண்டிப் போயிற்றாம். அதை வெங்கட்ரமணன் சொல்லிச் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்று அவர் கொஞ்சம் பயந்தும் இருந்தார். சர்வீஸ் சென்டருக்கு விட்டுவிடட்டுமா என்று கேட்டார். ஏன் மறுத்தேன் என்று கேட்பீர்கள். நான் மறுக்கவில்லை. “விடுங்கோ அண்ணா, நான் பாத்தது போறாதுன்னு தோணித்துன்னா தாராளமா விடுங்கோ” என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. “சீ, என்ன பேச்சுடா இது” என்று சாவியை என் கையில் திணித்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்தது அந்த ஒருமுறை. அந்த வாரம் முழுக்க எனக்குப் பசி நன்றாக எடுத்தது.

பிறகு சென்ற மாத ஞாயிறு. அரவிந்தவல்லிக்கு முழங்கால் வலி, வீட்டில் தங்கிவிட்டார். வெங்கட்ரமணன் தனியாகப் போனார். கவரப்பேட்டை தாண்டியதும் வலது லேனில் கார் நின்றது. கம்பிச் சுருள் ஏற்றிய டிரெய்லர் பின்னால் வந்தது. டிரைவர் துலுக்காணம், பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குடும்பம். பிரேக் அடித்திருக்கிறார், இருபது டன் சுருள் அதைக் கேட்கவில்லை.

காரியங்கள் முடிகிறவரை நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். பந்தல் போட ஆள் பிடித்தேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். பத்தாம் நாள் அரவிந்தவல்லி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நடு ரோட்டுல போய் ஏன் நிறுத்தினார்? நாப்பது வருஷமா வண்டி ஓட்டறவர். ஓரமாப் போயிருக்கலாமே. நீங்க சொல்லுங்கோ, உங்களுக்குத் தெரியாதது இல்லை.”

“பதட்டம் மாமி. மனுஷாளுக்குப் பதட்டம் வந்தா என்ன பண்றோம்னே தெரியாது.”

“அவர் பதறவே மாட்டாரே. எதுனாலும் ஒங்களுக்குப் போன் பண்ணினாப் போறும்னு சொல்லிண்டே இருப்பாரே.”

துக்க வீட்டில் அதிகம் பேசக் கூடாது.

முந்தாநாள் நீங்கள் கூப்பிட்டு அனுப்பினீர்கள். வெளியே பெஞ்சில் துலுக்காணம் உட்கார்ந்திருந்தார். ஜாமீனில் வந்து கையெழுத்துப் போடும் நாள் போலிருக்கிறது. பக்கத்தில் அவர் மனைவி ரோஜா, மடியில் டிபன் டப்பா. என்னை யாரோ பெரிய மனிதர் என்று நினைத்துத் துலுக்காணம் எழுந்து நின்றார்.

“சார், நீங்களாவது சொல்லுங்க சார். வண்டி நடு ரோட்டுல நின்னுக்கினு இருந்துச்சு. பின்னாடி ஒரு லைட்டு எரியல. ஒரு இண்டிகேட்டரு இல்ல. நா இன்னா சார் பண்ணுவேன்? கண்ண மூடனா அந்தப் பெரியவரு தல தான் தெரியுது. பேஜாராப் பூடுச்சு சார். இனிமே ஸ்டேரிங்கத் தொட மாட்டேன்.”

“ஓட்டாத மனுசன வச்சிக்கினு நா இன்னா பண்ணுவேன், அதயும் கேளு” என்றார் ரோஜா.

அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் உள்ளுக்குள் ஒன்று குடைந்தது. செய்தித்தாளில் துலுக்காணத்தின் பெயர் வந்திருந்தது, முழுப் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம். நான் ஐந்தரை மாதம் பாடுபட்டேன், பெயர் அவருக்கு.

அப்புறம் நீங்கள் அந்தத் தாளை நீட்டினீர்கள். காரின் கம்ப்யூட்டரைப் பிரித்துப் படித்ததில், கடைசியாகக் கோடு அழிக்கப்பட்ட பிறகு கார் ஓடிய தூரம் நாற்பத்தாறு கிலோமீட்டர் என்று வந்திருப்பதாகச் சொன்னீர்கள். திருவள்ளூரிலிருந்து அந்த இடம் சரியாக நாற்பத்தாறு. நீங்கள் அதை எவ்வளவு தயங்கிச் சொன்னீர்கள். பெரியவர் கவனக்குறைவாக இருந்துவிட்டார், பாவம், நண்பர் போன துக்கம் வேறு, மேலே கேட்டு நோகடிக்க வேண்டாம் என்று உங்கள் முகத்தில் எழுதியிருந்தது. கோடை அழிக்கலாம், அழித்த தடயத்தை அழிக்க முடியாது என்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டீர்கள். முப்பது வருஷம் இதைத்தான் பார்த்தேன், சார்.

தாளின் முதல் வரியில் நீங்கள் எழுதியிருந்தது: “சாட்சி: ஸம்பத்குமார் (எ) பல்பு.”

தெருவில் விசாரித்திருப்பீர்கள். அந்த அடைப்புக்குறி உங்கள் இலாகா வழக்கம், உங்கள்மேல் குறையில்லை. ஆனால் அந்த ஒரு வரியில் இரண்டு தவறு. ஒன்று அந்த (எ). திருடனுக்கும் ரவுடிக்கும் போடுகிற (எ). அதை அடித்துவிட வேண்டும். அது போய் ஸம்பத்குமார் மட்டும் நிற்க வேண்டும். இரண்டாவது, சாட்சி என்ற சொல். அதையும் அடித்துவிடுங்கள். துலுக்காணத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர்மேல் போட்ட ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்ற சொல்லை எனக்குப் போடுங்கள், அதையும்விடக் கனமான சொல் உங்களிடம் இருந்தால் அதையே போடுங்கள். நாளை மாஜிஸ்திரேட் முன்னால் உட்கார்த்தினாலும் இதில் ஒரு எழுத்து மாறாது. எனக்கு வேண்டியது என் பெயர், சரியான எழுத்துகளோடு, ‘ஸ’ போட்டு.

மிச்சம் இருப்பது அந்தப் போன். ஞாயிறு காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு என் நம்பருக்கு ஒரு அழைப்பு வந்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். என்ன பேசினார் என்று கேட்டீர்கள், சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவைத்தேன். நன்றாகவே கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். சுற்றிலும் லாரிகளின் ஹாரன்.

“ஸம்பத்து,” என்றார். “ஸம்பத்து, மஞ்சள் எரியறதுடா. மிதிச்சா போகமாட்டேங்கறது. வலது பக்கம் மாட்டிண்டேன், ஊர்ந்துண்டிருக்கேன். பின்னாடி பெரிய பெரிய வண்டியா வர்றதுடா ஸம்பத்து. மெதுவா இடது பக்கம் ஒடிச்சு ஓரங்கட்டிடட்டுமா?”

முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. மூன்று தடவை சொன்னார். பயத்தில் வேறு எந்தப் பெயரும் அவர் வாயில் வரவில்லை. எவ்வளவு அழகான பெயர் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. இடது பக்கம் ஒடியுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; ஊர்கிற கார் ஓரத்துக்கு வர அரை நிமிஷம்கூட ஆகாது.

“வேண்டாம் அண்ணா,” என்றேன். “அங்கேயே நிறுத்துங்கோ. சாவியை அணைச்சுடுங்கோ. கம்ப்யூட்டர் மறக்கணும், அதுக்கு முப்பது எண்ணணும். அப்புறம் போடுங்கோ, ஓடும்.”

“நாலு இண்டிகேட்டரும் போட்டுக்கட்டுமா?”

“பாட்டரி இறங்கிடும். எதுவும் போட வேண்டாம். சத்தமா எண்ணுங்கோ, நானும் கேட்டுண்டிருக்கேன்.”

அவர் எண்ணத் தொடங்கினார். கோஷ்டியில் சேவிக்கிற அதே குரல், நிறுத்தி நிறுத்தி, ஒன்றையும் விழுங்காமல். நான் சொன்னதை அவர் அவ்வளவு ஒழுங்காகச் செய்தார். பத்தொன்பதில் நின்றது. மிச்சம் பதினொன்றை நான் எண்ணி முடித்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.